எமிரேட்ஸ் கதவு பாதி மூடிய பிறகு: அமெரிக்க கார்டு புள்ளிகளில் சென்னைக்கு டிக்கெட்

அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு ஊருக்கு வருகிறவர்கள் பல வருடமாகப் பழகிப்போன வழி ஒன்று உண்டு. மளிகை, பெட்ரோல், டேகேர் என எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் தேய்த்துப் புள்ளி சேர்ப்பார்கள். சேர்ந்ததை எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ் (அடிக்கடி பறப்பவர்களுக்கான மைல் திட்டம்) கணக்குக்கு ஒரு புள்ளிக்கு ஒரு மைல் என மாற்றி, அந்த மைலில் துபாய் வழியாகச் சென்னைக்கு டிக்கெட் போடுவார்கள். அமெக்ஸ், சேஸ், சிட்டி, கேப்பிடல் ஒன் என எந்தக் கார்டு கையில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். 2025 ஜூலையில் அந்தக் கணக்கு உடைய ஆரம்பித்தது.

முதலில் சிட்டி, ஜூலை 27 முதல் 5:4 (ஐந்து புள்ளிக்கு நான்கு மைல்) என்று குறைத்தது. செப்டம்பர் 16 முதல் அமெக்ஸும் அதே 5:4. சேஸ் பேரமே பேசவில்லை. அக்டோபர் 16-ஓடு எமிரேட்ஸைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. 2026 ஜனவரியில் கேப்பிடல் ஒன் 4:3-க்கு இறங்கியது. ஒரு லட்சம் மைல் வேண்டும் என்றால் முன்பு ஒரு லட்சம் புள்ளி போதும். இப்போது அமெக்ஸிலும் சிட்டியிலும் 1,25,000, கேப்பிடல் ஒன்னில் 1,33,000-க்கும் மேல். இது போதாதென்று, 2025 மே மாதம் முதல் ஸ்கைவார்ட்ஸில் சில்வர் தகுதியோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மட்டும்தான் மைலில் ஃபர்ஸ்ட் கிளாஸ். அதை மனதில் வைத்துச் சேர்த்தவர்களுக்கு இது இரண்டாவது அடி.

சதவீதமாகப் பார்த்தால் இந்தக் குறைப்பு சிறியதாகத் தெரியும். எகானமி டிக்கெட்டில்தான் உறைக்கும். ஒரு மாதிரிக் கணக்கு: காசு கொடுத்தால் 1,400 டாலர் டிக்கெட், மைலில் 90,000, அதோடு வரியும் சர்சார்ஜும் (விமான நிறுவனம் போடும் கூடுதல் கட்டணம்) சேர்ந்து 400 டாலர். மிச்சமாவது 1,000 டாலர். பழைய விகிதத்தில் ஒரு புள்ளிக்கு 1.1 சென்ட் கிடைத்தது. 5:4-இல் அதே டிக்கெட்டுக்கு 1,13,000 புள்ளி போகிறது (ஆயிரம் ஆயிரமாகத்தான் மாற்ற முடியும்), புள்ளிக்கு 0.88 சென்ட்தான். கேப்பிடல் ஒன்னில் காசுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு அந்தச் செலவைப் புள்ளியால் அழித்தாலே 1 சென்ட் கிடைக்கும். சேஸ் சஃபையர் ரிசர்வ் கார்டை, 2025 ஜூனில் அதன் விதிகள் மாறும் முன்பே வைத்திருந்தவர்களுக்கு இன்னும் நல்லது: 2025 அக்டோபர் 26-க்கு முன் சேர்த்த புள்ளிகளுக்கு சேஸின் டிராவல் போர்ட்டலில் (வங்கியே டிக்கெட் விற்கும் தளம்) 2027 அக்டோபர் 26 வரை 1.5 சென்ட் மதிப்பு உண்டு. ஆக, எமிரேட்ஸ் எகானமிக்குப் புள்ளியை மாற்றுவது இன்றைக்குப் பெரும்பாலும் நஷ்டம். பிசினஸ் கிளாஸ் என்றால் மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

வங்கியில் இருக்கும் புள்ளி அரிசி மாதிரி. இட்லிக்கும் ஊறப்போடலாம், பொங்கலும் வைக்கலாம். மைலாக மாற்றிவிட்டால் அது வடித்த சோறு, திரும்ப அரிசியாகாது. 2025-இல் அடிபட்டவர்கள் இரண்டு வகை. "எப்படியும் எமிரேட்ஸில்தானே போகப் போகிறோம்" என்று முன்கூட்டியே மாற்றி வைத்தவர்கள் ஒரு வகை. விகிதம் குறைவதற்கு முந்தின நாள் பதறி அடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளியவர்கள் இன்னொரு வகை. ஸ்கைவார்ட்ஸ் மைலுக்கு ஆயுசு மூன்று வருடம்தான், அதுவும் பிறந்த மாதக் கடைசியோடு கணக்கு முடியும். நான்கு பேருக்கு ஒரே விமானத்தில், பள்ளி விடுமுறையில் இடம் கிடைக்காமல், தேதி நெருங்க நெருங்க விழிபிதுங்குவது இந்த இரண்டு வகையினரும்தான்.

மாற்றுவழிகளில் இப்போது முன்னால் நிற்பது, ஆச்சரியமாக, அமெரிக்கன் ஏர்லைன்ஸ். எமிரேட்ஸ் விகிதத்தைக் குறைத்த அதே ஜூலை 27 அன்றுதான் சிட்டி அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஸ்ட்ராட்டா பிரீமியர், ஸ்ட்ராட்டா எலீட் கார்டுகளில் 1:1. ஆண்டுக் கட்டணம் இல்லாத சிட்டி கார்டு மட்டும் இருந்தால் விகிதம் குறைவு. அமெரிக்கன் மைலில் கத்தார் ஏர்வேஸை எடுத்தால் இந்தியத் துணைக்கண்டத்துக்கு ஒரு வழி எகானமி 40,000, பிசினஸ் 70,000. கத்தார் விமானத்துக்கு அமெரிக்கன் பெரிய சர்சார்ஜ் போடுவதில்லை. டிக்கெட்டை ரத்து செய்தாலும் மைல் கட்டணமில்லாமல் கணக்குக்குத் திரும்பும். வங்கிக்குத் திரும்பாது என்பதை மறக்கக் கூடாது. ஒரே குறை, அமெரிக்கன் மாதிரியான பார்ட்னர் நிறுவனங்களுக்குக் கத்தார் திறந்துவிடும் பிசினஸ் இருக்கைகள் சொற்பம். ஒன்று கிடைக்கும், இரண்டுக்கே தவம் இருக்க வேண்டும், நான்கு என்பது கனவு.

கத்தாரையே அவியோஸ் (கத்தாருக்கும் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கும் பொதுவான மைல்) வழியாகவும் பிடிக்கலாம். அமெக்ஸ், சிட்டி, கேப்பிடல் ஒன் மூன்றும் கத்தாருக்கு நேரடியாக மாற்றுகின்றன. சேஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு மாற்றி, அங்கிருந்து கத்தார் கணக்குக்கு 1:1-ஆக நகர்த்த வேண்டும். இரண்டு கணக்கிலும் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் மூன்றும் அச்சாக ஒன்றாக இருந்தால்தான் இணைப்பு விழும். சோம்பல்பட்டு பிரிட்டிஷ் ஏர்வேஸிலேயே லண்டன்–சென்னை எடுத்தால் சர்சார்ஜ் கண்ணைக் கட்டும். இன்னொரு வில்லங்கம் விசா. எச்1பி ஸ்டாம்பிங் காலாவதியாகி, புதிதாகக் குத்துவதற்காகவே சென்னை வருகிறவர்கள், லண்டன் வழியாக டிக்கெட் போடும் முன் டிரான்சிட் விசா விதியைப் பார்த்தே தீர வேண்டும். நம்மவர்கள் துபாய், தோஹா, அபுதாபி என்று வளைகுடாவையே சுற்றிச் சுற்றி வருவதற்குச் சாப்பாடும் டிவியும் மட்டும் காரணமில்லை.

ஏர் கனடாவின் மைல் திட்டமான ஏரோபிளான் இன்னொரு நல்ல வழி. அமெக்ஸ், சேஸ், கேப்பிடல் ஒன் மூன்றிலிருந்தும் 1:1. லுஃப்தான்சாவின் ஃபிராங்க்ஃபர்ட்–சென்னை, டெல்லி வழியாக ஏர் இந்தியா எல்லாம் இதில் கிடைக்கும். சர்சார்ஜ் கிடையாது, பார்ட்னர் விமானத்துக்கு 39 கனடிய டாலர் கட்டணம் மட்டும். மடியில் வைத்துக்கொள்ளும் கைக்குழந்தைக்கு 25 கனடிய டாலர் போதும். 5,000 புள்ளி கூடக் கொடுத்தால் நடுவில் ஓர் ஊரில் சில நாள் தங்கலாம். ஆனால் எமிரேட்ஸ், எதிஹாத், யுனைட்டெட் இருக்கைகளுக்கு இங்கே நிலையான அட்டவணை போய், நாளுக்கொரு விலையாகிவிட்டது. ஏர் இந்தியா இருக்கைகளில் இன்னொரு தொல்லை: தேடும்போது தெரியும், பணம் கட்டும் கட்டத்தில் பிழை வரும். அதே இருக்கை யுனைட்டெட் தளத்திலும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுவது நல்லது. இரண்டு இடத்திலும் தெரிந்தால் பெரும்பாலும் நிஜம்.

மேற்குக் கரைக்காரர்களுக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். நான்கு வங்கிகளும் மாற்றுகின்றன. ஆனால் மைல் உடனே வராது. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். அதற்குள் இருக்கை பறந்துவிடலாம். இன்னொன்று, அடுத்தவருக்கு டிக்கெட் எடுக்க அவரை முதலில் நாமினியாகச் சேர்க்க வேண்டும், ஐந்து பேர்தான் வரம்பு. அப்பா அம்மாவைச் சேர்க்கும் முன் எண்ணிக்கொள்ளுங்கள். கேத்தே பசிபிக் 2024 பிப்ரவரியில் சென்னைக்குத் திரும்பி வந்தது. ஆனால் 2026 மார்ச் 1 முதல் அதற்கும் அமெக்ஸில் 5:4தான்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் தமிழர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, முழுப் பெயரும் கொடுத்த பெயர் (கிவன் நேம்) கட்டத்தில் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்க விசாவில் முழுப் பெயரும் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தாவி, கொடுத்த பெயர் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) ஆகிவிடும். சோஷியல் செக்யூரிட்டி, லைசென்ஸ், வங்கிக் கணக்கு எல்லாம் அதையே பிடித்துக்கொள்ளும். விமானக் கணக்கை மட்டும் நாமே திறக்கும்போது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருப்போம், அல்லது இனிஷியலை. வங்கிப் பெயரும் விமானக் கணக்குப் பெயரும் பொருந்தாவிட்டால் மாற்றம் மறுக்கப்படும், இல்லையென்றால் நடுவழியில் தொங்கும். விமான நிறுவனத்தில் பெயர் திருத்தப் பாஸ்போர்ட் நகல் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இருக்கை கண்ணில் பட்ட அன்று அதற்கெல்லாம் நேரம் இருக்காது.

அதனால் பயணத்துக்கு மாதங்கள் முன்பே நாலைந்து விமானக் கணக்குகளைப் பாஸ்போர்ட் பெயரில் திறந்து, ஒவ்வொன்றையும் வங்கியோடு இணைத்து, ஆயிரம் புள்ளி மட்டும் அனுப்பிச் சோதித்து வைத்துவிடுங்கள். அந்த ஆயிரம் வீணாகப் போனாலும் பரவாயில்லை. கணவன் மனைவி இருவரின் புள்ளியும் சேர்ந்தால்தான் டிக்கெட் வரும் என்றால் வங்கிக்கு வங்கி விதி வேறு. கேப்பிடல் ஒன்னில் யாருக்கும் புள்ளியைத் தள்ளலாம். சேஸில் ஒரே வீட்டில் இருக்கும் ஒருவருக்கு மட்டும். சிட்டியில் பகிர்ந்த புள்ளி 90 நாளில் காலாவதி. அமெக்ஸில் புள்ளியைப் பகிரவே முடியாது; கூடுதல் கார்டுதாரரின் விமானக் கணக்குக்கு மாற்றலாம், அவர் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். டிசம்பர் பயணத்துக்கு நவம்பரில் கூடுதல் கார்டு வாங்கினால் உதவாது.