டெய்லீஸுக்கு ஹெச்.264-ஆ, புரோரெஸ்ஸா?

காம்ப் (பல படக்கூறுகளை ஒரே காட்சியாக இணைக்கும் வேலை) முடிந்த ஷாட்டை டெய்லீஸாக, அதாவது ரிவ்யூவுக்குக் காட்டும் வீடியோவாக, எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டளைவரி மென்பொருளில் மாற்றும் கட்டளையை எழுத உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி இதுதான்: ஹெச்.264, புரோரெஸ் என்ற இரண்டு வீடியோ சுருக்க முறைகளில் எது?

அளவு: 1080-இல், நொடிக்கு 24 ஃபிரேமில், புரோரெஸ் 422 ஹெச்க்யூ நிமிடத்துக்குச் சுமார் 1.3 ஜிபி. ஹெச்.264 பெரும்பாலும் அதில் சிறு பங்குதான்.

நிறம்: புரோரெஸ் 10 பிட். ஹெச்.264-ஐ எல்லா பிளேயரிலும் ஓட வேண்டும் என்று 8 பிட், 4:2:0-இல் (நிற விவரத்தைக் குறைத்துச் சேமிக்கும் முறை) வைப்போம். அந்தி வானம் போன்ற இடங்களில் பட்டை பட்டையாகத் தெரியும். அதைக் காம்பில் வந்த பிழை என்று நினைத்து ஆர்ட்டிஸ்ட் மணிக்கணக்கில் தேடுவது பெரிய கொடுமை.

நகர்த்துவது: புரோரெஸ்ஸில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனி, பின்னோக்கி நகர்த்தினாலும் சிக்காது. ஹெச்.264-இல் கீஃபிரேம் (மற்ற ஃபிரேம்களைச் சாராத முழு ஃபிரேம்) இடைவெளியை 1 ஆக்கினால் இதே வசதி வரும், ஃபைல்தான் பெருக்கும்.

எதை எடுத்தாலும் இரண்டை மறக்காதீர்கள். ஃபிரேம் ரேட்டை இன்புட்டுக்கு முன்னால் 24 என்று கொடுங்கள்; விட்டால் இமேஜ் சீக்வென்ஸை (ஃபிரேமுக்கு ஒன்றாக எண்ணிட்ட பட ஃபைல்களின் வரிசை) எஃப்எஃப்எம்பெக் 25 என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம், ஷாட் 1001-இல் தொடங்கினால் தொடக்க எண்ணையும் கொடுங்கள். இல்லையென்றால் 0 முதல் 4 வரை மட்டும் தேடிவிட்டு ஃபைலே இல்லை என்று நின்றுவிடும்.

சூப்பர்வைசர் போனில் பார்த்து நோட்ஸ் சொல்ல ஹெச்.264 போதும். எடிட்டுக்கும் தியேட்டர் ரிவ்யூவுக்கும் புரோரெஸ்தான்.