தரையோடு தரையாகப் படமெடுக்க: சின்ன கேமராவா, டிஎஸ்எல்ஆரா?

தும்பைப் பூவை அதன் மட்டத்திலிருந்தே எடுக்க லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும். அங்கே சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) அளவைவிட ஸ்கிரீன் எப்படித் திரும்புகிறது என்பதுதான் முக்கியம். ஸ்கிரீன் அசையாத டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா), எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், உங்களைக் குப்புறப் படுக்க வைத்துவிடும். அதனால் ஸ்கிரீன் திரும்பும் இரண்டை எடுத்துக்கொள்வோம்: 2014இல் வந்த சின்ன கேமரா சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3, 2017இல் வந்த டிஎஸ்எல்ஆர் கேனன் 200டி.

சோனியின் உயரம் 58 மி.மீ., எடை 290 கிராம். மண்ணில் அப்படியே வைத்து, ஸ்கிரீனை மேல்நோக்கி நிமிர்த்தினால் குந்தியபடியே குனிந்து பார்த்து எடுக்கலாம். அகலக் காட்சி தரும் 24 மி.மீ. வைடில் 5 செ.மீ. வரை நெருங்கி ஃபோகஸ் ஆகும். ஆனால் அத்தனை கிட்டத்தில் லென்ஸின் நிழலே பூவின் மேல் விழும். வெயில் பக்கவாட்டில் வரும்படி வையுங்கள். 70 மி.மீ.க்கு ஜூம் செய்தால் 30 செ.மீ. தள்ளிப் போக வேண்டும். சென்சார் சின்னது என்பதால் எஃப் 2.8இலும் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறுக்கும்) பின்னணி முழுதாகக் கரையாது. பூவுக்குப் பின்னால் கோபுரமும் அடையாளம் தெரிய வேண்டுமென்றால் இது வரம், மங்கலான பின்னணி கேட்பவருக்கு ஏமாற்றம். எஃப் 5.6க்கு மேல் மூடாதீர்கள், கூர்மை குறையத் தொடங்கும்.

சோனி சறுக்கும் இடம் நெட்டுவாக்குப் படம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் நிமிரும் ஸ்கிரீன் பக்கவாட்டில் பார்க்கும், பயனில்லை. 200டியில் கீல் பக்கவாட்டில் இருக்கிறது. கைப்பிடிப் பக்கம் தரையில் படும்படி கேமராவை நிறுத்தி, ஸ்கிரீனைத் தூக்கினால் வானம் பார்த்து நிற்கும். ஷட்டர் பட்டன் அடியில் மாட்டிக்கொள்ளும்தான். ஸ்கிரீனைத் தொட்டே எடுத்துவிடலாம். சோனியில் தொடுதிரை கிடையாது.

டிஎஸ்எல்ஆர் வாங்கும்போது லைவ் வியூ (கண் வைக்கும் துளைக்குப் பதில் ஸ்கிரீனில் பார்த்து எடுப்பது) ஃபோகஸைக் கட்டாயம் சோதியுங்கள். 200டியில் டூயல் பிக்சல் என்ற வேகமான ஃபோகஸ் முறை இருப்பதால் ஊரும் எறும்பையும் ஓரளவு விடாமல் பிடிக்கும். நிக்கான் டி5600இன் ஸ்கிரீனும் இதே போல் திரும்பும், ஆனால் லைவ் வியூவில் முன்னும் பின்னும் தேடித்தான் ஃபோகஸ் நிற்கும்; அதற்குள் எறும்பு போய்விடும்.

வியூஃபைண்டரில் கண் வைக்காமல் குத்துமதிப்பாகச் சுடுபவர்களுக்கு ஒன்று: பின்னாலிருந்து புகும் வெளிச்சம், ஒளியை அளக்கும் மீட்டரை ஏமாற்றிப் படத்தை இருட்டாக்கும். கேனன் ஸ்டிராப்பில் கோத்திருக்கும் சின்ன ரப்பர் மூடி அதற்காகத்தான். லைவ் வியூவில் இந்தத் தொல்லை இல்லை.

பழையதாக வாங்கினால் ஸ்கிரீனை நாலைந்து முறை திருப்பிப் பாருங்கள். மினுக்கினால் உள்ளே ரிப்பன் கேபிள் போகப்போகிறது. சோனியில் இன்னொரு பயம், நீண்டு சுருங்கும் லென்ஸ் குழாயில் மணல் புகுந்து சிக்கிக்கொள்வது. கடற்கரையில் வெறும் தரையில் வைக்காமல், அரைக்கிலோ பச்சைப்பயறு நிரப்பிய துணிப்பையின் மேல் வையுங்கள். இரண்டு கேமராவும் அதில் ஆடாமல் உட்காரும். பையை மட்டும் நனைய விடாதீர்கள், முளைத்துவிடும்.