அசெப்ரைட்டில் மூன்று ஆண்டுகள், ஒரே ஒரு விசைத்தறி

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெரு விழிப்பதே தறிச் சத்தத்தில்தான். அந்த விசைத்தறியை ஒரு சிறு கணினி விளையாட்டுக்காகப் பிக்சல் ஓவியமாக வரையத்தான் அசெப்ரைட் மென்பொருளை வாங்கினேன். மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

முதல் தறி 64க்கு 64 கட்டம், பதினெட்டுச் சாம்பல் நிறங்கள். பக்கத்து வீட்டுத் தறிக்காரப் பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டு, “தம்பி, இது தறியா, சோப்புக்கட்டியா?” என்றார்.

தவறு என்னுடையது. அசெப்ரைட்டில் ‘ஷேடிங் இங்க்’ என்றொரு வசதி உண்டு. நிறங்களை வரிசையாகத் தேர்ந்துவைத்துவிட்டுத் தேய்த்தால், ஒவ்வொரு பிக்சலும் அடுத்த படிக்கு நகரும். மரத்துக்கும் துணிக்கும் அருமை. நான் இரும்பையும் அதனாலேயே தடவித் தடவித் தலையணையாக்கியிருந்தேன்.

தெளிவு கிடைத்தது மோட்டார் சைக்கிள் சைலன்சரில். சேலத்து வெயிலில் அதன்மேல் ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டியே கறுப்புப் பட்டை. நடுவில் சமாதானம் பேச ஒரு சாம்பல்கூட இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் நிறுத்தினால், அதே குழாய் சாக்பீஸ்போல மங்கிக் கிடக்கிறது. பளபளக்கும் உலோகம் காட்டுவது சுற்றுப்புறத்தைத்தான். கஞ்சமலையும் உருக்காலையும் உள்ள ஊரில் பிறந்தவனுக்கு இது விளங்க இரண்டு ஆண்டுகள்! அன்றிலிருந்து கணினியின் அருகே ஓர் எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது, குறித்துவைத்த நிறப்பட்டியலை மட்டுமே பயன்படுத்தும் ‘இண்டெக்ஸ்டு’ முறையில் ஐந்தே நிறங்கள். மிக இருண்டதில் சிறிது நீலம், மிக வெளிர்ந்ததில் சிறிது மஞ்சள். உருளை வடிவத் தண்டு என்றால் வெள்ளைக் கோட்டை விளிம்பிலிருந்து தள்ளி வைத்து, அதை ஒட்டி இருட்டு. கடைசி வரிசையில் மட்டும் தரையிலிருந்து திரும்பிவரும் மங்கல் ஒளி. தறியின் சட்டமோ வார்ப்பிரும்பு. அதற்கு வெள்ளையே கிடையாது, கை பட்டுத் தேய்ந்த இடத்தைத் தவிர. எண்ணெயில் ஒட்டிய பஞ்சுத் தூசுக்கு ஆங்காங்கே ஒற்றை வெளிர் பிக்சல். குறுக்கே நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் உலோக முனை மட்டும் மின்னும்.

அசைவூட்டத்தில் ஒரு வாரம் வீணானது. எட்டுப் பல் சக்கரத்தைப் படத்தோடு சுழற்றினேன். வெளிச்சமும் கூடவே சுற்றியது, வர்ணம் பூசிய அட்டையைப்போல. பற்கள் நகரலாம், ஒளி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். ஒரு பல் அடுத்த பல்லின் இடத்துக்கு வந்தால் சுழற்சி முடிந்தது. எனக்கு நான்கு சட்டகங்களே போதுமாயின.

உண்மை அளவில் காட்டும் முன்னோட்டச் சாளரத்தை மூடுவதே இல்லை. எட்டு மடங்கு பெரிதாக்கினால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். மலிவாக வாங்கிய வரைபலகை மூன்றே மாதத்தில் பரணுக்குப் போனது, கணினி மவுஸே போதும். பணம் கொடுக்க மனமில்லாதவர்கள் அசெப்ரைட்டின் மூலநிரலைப் பெற்றுச் சொந்தப் பயனுக்கு மென்பொருளாகத் தாங்களே தொகுத்துக்கொள்ளலாம், அல்லது அதன் பழைய பதிப்பிலிருந்து கிளைத்த லிப்ரேஸ்பிரைட்டை இலவசமாகப் பெறலாம்.

அடுத்து செவ்வாய்பேட்டை வெள்ளிக் கொலுசு, 32 கட்டத்தில். நான்கு முறை அழித்தாயிற்று. மணிகள் இன்னும் ஜவ்வரிசியாகவே தெரிகின்றன.