மிஞ்சின மூன்று மீட்டர்: ஸ்டிக்கர் பேப்பர் துண்டுகளோடு நான்கு வருடம்

2021 கடைசியில் குசினி அலுமாரிக்கு ஒட்டவென்று 45 சென்ரிமீட்டர் அகலத்தில் இரண்டு ரோல் ஸ்டிக்கர் பேப்பர் (பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) வாங்கினேன். ஒன்று மாபிள் டிசைன், மற்றது உள்ளே இருப்பது தெரியும் வெறும் பிளாஸ்டிக். அலுமாரி வேலை முடிய இரண்டிலுமாக மூன்று மீட்டர் அளவு மிஞ்சியது. அடுத்த வருடம் இலங்கை ரூபாய் விழுந்து சாமான் விலை ஏறினபோது அந்தத் துண்டுகளை எறிய மனம் வரவில்லை. கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்துவிட்டு, தேவைக்கு வெட்டி வெட்டி எடுத்தேன்.

இன்றைய நிலவரம் இதுதான்: காசு கொடுத்து எதற்காக வாங்கினேனோ அந்த அலுமாரிக் கதவில் பாதி உரிந்து தொங்குகிறது. மிஞ்சின துண்டுகளில் செய்தது பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கச்சான் காலத்தில் (வறுத்துத் தின்னும் கச்சான் இல்லை, மேற்கிலிருந்து அடிக்கும் சூட்டுக் காற்று) இந்தப் பிளாஸ்டிக் சுருங்குகிறது. வாடைக்காலம் வந்தால் அலுமாரியின் சிப்போட் பலகை (மரச்சீவலை அழுத்திச் செய்தது) ஈரம் குடித்து ஊதுகிறது. இரண்டுக்கும் நடுவில் பசை என்ன செய்யும்? ஓரத்தில் வெளியே வந்து தூசியையும் எறும்பையும் பிடித்துக் கறுப்புக் கோடாக நிற்கும். துண்டு பெரிதானால் சுருக்கமும் பெரிது. சின்னதாக வெட்டி, ஐந்து ரூபாய் நாணயக் குற்றியை வைத்துக் கீறி மூலையை உருட்டிவிட்டால் பிடித்து இழுக்க மூலையே இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

உருப்படியான வேலை என்றால் தகரப் பேணிகளின் அடிதான். உப்புக் காற்றில் மாப் பேணி, சீனிப் பேணி எல்லாம் அடியில்தான் முதலில் துருப்பிடிக்கும். பிறகு அலுமாரித் தட்டு முழுக்கச் சிவப்பு வட்டம், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. பேணியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி ஒரு பகல் முழுக்க வெயிலில் கவிழ்த்து வைத்தேன். அடியைப் பேப்பரில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கீறி, கோட்டுக்கு வெளியே ஒரு விரல் விட்டு வெட்டினேன். அந்த மிச்சத்தைக் கத்தரிக்கோலால் பல்லுப் பல்லாகக் கொத்தி, ஒவ்வொரு பல்லாக மேலே மடித்து நகத்தால் அழுத்தினேன். போன மாதம் சீனிப் பேணியின் வட்டத்தை உரித்துப் பார்த்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகும் உள்ளே தகரம் வெள்ளையாகவே இருந்தது. ஆனால் ஏற்கெனவே இலேசாகத் துருப்பிடித்திருந்த பருப்புப் பேணியில் ஒட்டினது வீண்வேலை. துரு உள்ளுக்குள்ளேயே ஓடி ஓட்டை விழுந்துவிட்டது.

யன்னல் வலைக்கும் இது நல்லது. நுளம்பு நுழையும் ஓட்டைக்கு வெளியே ஒரு வட்டம், உள்ளே ஒரு வட்டம், இரண்டு பசையும் வலைக்கண் வழியாக ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். கட்டில் வலையில் அதையே செய்து பார்த்தேன், மூன்றாம் தோய்ச்சலில் கழன்றது. அதை ஊசி நூலால்தான் தைத்தேன். மிளகாய்த்தூள், மல்லித்தூள் போத்தல்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினால் எண்ணெய்க் கை பட்டு எழுத்து போய்விடும், மேலே தெளிவான துண்டு ஒன்றும் வேண்டும். பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு முழு உறை போடத் துண்டு காணாது. முதுகுக்கு மட்டும் நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை, அதுவே போதும். முழுவதையும் ஒரேயடியாக உரிக்காமல் பின்தாளை இரண்டு விரல் அளவு திறந்து, அடிமட்டத்தால் தள்ளித் தள்ளிப் போனால் குமிழி வராது.

பிழைத்தவற்றையும் சொல்ல வேண்டும். முதல் மழைக்கு ஈசல் வருமே, அதற்கென்று பசைப் பக்கம் வெளியே தெரிய ஒரு துண்டை லைட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். ஈசல் நன்றாக ஒட்டியது. ஈசலைத் தின்ன வந்த பல்லியும் ஒட்டியது. அதைக் கழற்ற அரை மணித்தியாலம் போனது, தேங்காய் எண்ணெயைத் துளித் துளியாக விட்டு ஒவ்வொரு காலாக எடுத்தோம். அன்றோடு அந்த யோசனையை விட்டாயிற்று. அலுமாரிக் கதவில் நின்ற பழைய பசையையும் பிறகு அதே தேங்காய் எண்ணெயால்தான் துடைத்தேன், அது வேறு கதை.

இதைவிடப் பெரிய மடத்தனம் பிரிஜ் பில். உத்தரவாதத்துக்குத் தேவைப்படும், நனையக்கூடாது என்று அதன்மேல் தெளிவான துண்டை ஒட்டிப் பத்திரமாக வைத்தேன். சில மாதம் கழித்துப் பார்த்தால் வெள்ளைத் தாள். அந்தப் பில்லை மையால் அடிப்பதில்லை, சூடு பட்டுக் கறுக்கிற தாள் அது. பிளாஸ்டிக் வளைவதற்காகச் சேர்க்கும் பொருளும் பசையும் பட்டால் எழுத்து மங்கிப் போகும். ஒட்டுமுன் ஒரு போட்டோக் கொப்பி எடுத்திருக்கலாம்.

அதைப் பார்த்த பிறகும் மாமி தன் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்து நீட்டினார். 1978 சூறாவளியில் பெட்டியோடு கடதாசி எல்லாம் போய், பிறகு அலைந்து எடுத்த பிரதி. நான் ஒட்டவில்லை. பசை தாளில் ஊறினால் திரும்ப உரிக்க முடியாது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, திறந்திருக்கும் வாயை மட்டும் ஒரு பட்டையால் அடைத்துக் கொடுத்தேன்.

பின்தாளையும் எறிவதில்லை. சிலிக்கோன் பூசின தாள் என்பதால் பசை காயவிடவும் மகளின் ஒட்டு வேலைக்கும் அடியில் போடலாம். மாமிக்கு வேறு திட்டம்: "ஒட்டாத தாள்தானே மகள், தொதல அதில ஊத்தினா என்ன?" சாப்பாட்டுக்கென்று செய்த தாள் இல்லை என்று சொல்லி, தொதல் இனிப்புக்கு வாழையிலையை எடுத்துக் கொடுத்தேன். அதேபோல காஸ் அடுப்புப் பக்கத்துச் சுவரிலும் ஒட்ட வேண்டாம். ஒரு கிழமையில் சுருண்டது, பிளாஸ்டிக் எரிந்தால் புகையும் நல்லதல்ல.

மாபிள் துண்டில் இனி ஒரு சாண்தான் பாக்கி. "இன்னும் இரிக்கா மகள்?" என்று மாமி நேற்றும் கேட்டார். அவருடைய வெற்றிலைத் தகரப்பெட்டியின் அடி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. முதலில் அதைத் தேய்த்துக் காயவைக்க வேண்டும், மழையோ விடுவதாக இல்லை.