கேட்டில் பிடித்த பிறகு யார் கையில்?

சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில், ஒரு சுருள் செம்புக் கம்பி. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவரை நிறுத்தி, "பையைத் திற" என்கிறார் வாசலில் நிற்பவர். நெய்வேலி என்றால் அவர் சி.ஐ.எஸ்.எஃப். (மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை) வீரர். ரயில்வே பணிமனை என்றால் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை). ஏதோ அரசு அலுவலகக் கிடங்கு என்றால் ஏஜென்சி அனுப்பிய செக்யூரிட்டி. சீருடையும் அதட்டலும் மூவருக்கும் உண்டு. சட்டம் கொடுத்திருப்பது மட்டும் மூன்று விதம்.

செக்யூரிட்டியின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். தனியார் காவல் ஏஜென்சிகளுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் லைசென்ஸ், பயிற்சி என்றெல்லாம் பேசுகிறதே தவிர, தனிக் கைது அதிகாரம் எதையும் அவருக்குத் தரவில்லை. உங்களுக்கும் எனக்கும் உள்ளதுதான் அவருக்கும். வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் கண்ணெதிரே நடந்தால் பிடிக்கலாம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, பிடித்த 6 மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க ரூமில் உட்கார வைத்து மேனேஜருக்காகக் காத்திருப்பதெல்லாம் சட்டத்தில் இல்லை.

சி.ஐ.எஸ்.எஃப். கதை வேறு. 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனச் சொத்து தொடர்பான குற்றத்தில் நியாயமான சந்தேகம் இருந்தாலே வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். வாரண்ட் வாங்கப் போனால் ஆள் தப்பிவிடுவார், தடயத்தை மறைத்துவிடுவார் என்றால் அங்கேயே சோதனையும் போடலாம். ஆனால் அதோடு சரி. தாமதமின்றி போலீஸிடம் ஒப்படைத்து, நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். புலன் விசாரணை போலீஸ் வேலை. கையில் துப்பாக்கி இருப்பவரின் சட்ட அதிகாரம் இவ்வளவு குட்டையா என்று தோன்றும். எனக்கு இதுதான் சரியான அளவு என்று படுகிறது.

ஆர்.பி.எஃப். வாசலில்தான் நான் கவலைப்படுவேன். (பிளாட்பாரத்தில் பை தொலைந்தால் புகார் வாங்கும் ரயில்வே போலீஸ் வேறு, அவர்கள் மாநில அரசின் ஆட்கள்.) 1957-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களையும் 'பிடி, போலீஸிடம் கொடு' என்றுதான் வைத்திருந்தது. 1966-இல் ரயில்வே சொத்துக்கென்று தனிச் சட்டம் வந்ததும் நிலைமை மாறியது. இப்போது அவர்களே கைது செய்து, அவர்களே விசாரித்து, நேராக மாஜிஸ்திரேட்டிடம் புகார் தாக்கல் செய்யலாம். கம்பி ரயில்வேயுடையது, திருட்டுப் பொருளாக இருக்கலாம் என்ற நியாயமான சந்தேகம் உண்டு என்று அவர்கள் காட்டினால் போதும். முறையாகத்தான் வந்தது என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பொறுப்பு. தண்டனை 5 ஆண்டு வரை போகும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வாக்குமூலம். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்பது பலருக்குத் தெரியும். ஆனால் இந்தச் சட்டத்தின் கீழ் விசாரிக்கும் ஆர்.பி.எஃப். அதிகாரி அந்த அர்த்தத்தில் 'போலீஸ் அதிகாரி' அல்ல என்று 1980-இல் பால்கிஷன் தேவிதயாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் அவரிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லும். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியது என்று காட்டினால் அது அடிபடும். காட்டுவது யார் பாடு? நாலு சுவருக்குள் கையெழுத்துப் போட்டவர் பாடுதான்.

துப்பாக்கி விஷயத்தில் மூவரும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் நிற்கிறார்கள். வெறும் திருட்டைத் தடுக்க உயிரை எடுக்கச் சட்டம் இடம் தராது. கொள்ளை, சூரியன் மறைந்த பின் பூட்டு உடைத்து நுழைவது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் என்பது போன்ற நிலை வந்தால்தான் தற்காப்பு உரிமை அவ்வளவு தூரம் நீளும்.

கம்பியோடு மாட்டிய ஆள் உங்களுக்கு வேண்டப்பட்டவர் என்றால், முதல் இரண்டு வாசலில் "எந்த ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆர்.பி.எஃப். என்றால் எந்த கோர்ட், எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அங்கே நிறுத்தியாக வேண்டும். அதற்குள் வக்கீலை அனுப்பிவிடுங்கள், முடிந்தால் கையெழுத்துக்கு முன்பே.