ஊர்ப் பயணத்தில் ஆக்சலேட் பரிசோதனை: முதல் வாரமே தொடங்குங்கள்

சிறுநீரகக் கல்லுக்காக ஆக்சலேட் (கீரை, பாதாம் போன்றவற்றில் இருக்கும், கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) குறைந்த சாப்பாட்டில் இருக்கும், வெளிநாட்டில் வாழ்பவர்கள், விடுப்பில் ஊருக்குப் போனால் அங்கே டாக்டரையும் டயட்டீஷியனையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது வழக்கம். பெரும்பாலும் அது கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அவசரமாக ஒரு அப்பாயின்ட்மென்ட், 'சாப்பிடக் கூடாதவை' என்று ஒரு பக்கத் தாள், அடுத்த நாள் விமானம். மூன்று வாரம் இருந்தும் கைக்கு வருவது அந்தத் தாள் மட்டுமே. அளவெடுப்பது முதல் வாரம், ஆலோசனை அடுத்த வாரம், சாப்பாட்டுப் பட்டியல் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் அதே நாட்களில் உருப்படியான பலன் கிடைக்கும்.

அளவு என்பது 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. இறங்கிய மறுநாளே இதைச் செய்ய வேண்டாம். பயணத்தில் தண்ணீர் குறைவாகக் குடித்திருப்போம், சாப்பாடும் மாறியிருக்கும். நான்கைந்து நாள் வழக்கமான சாப்பாட்டுக்கு வந்த பிறகு எடுங்கள். கல் வலியோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும் நாட்களில் எடுத்தாலும் எண் சரியாக வராது. வைட்டமின் சி மாத்திரை எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடலில் அதன் ஒரு பகுதி ஆக்சலேட்டாகவே மாறுகிறது.

லேப் கவுன்டரில் ஆக்சலேட் மட்டும் கேட்டால் பாதிக் கதைதான் தெரியும். மொத்த அளவு, பிஎச், கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், யூரிக் அமிலம், சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் எல்லாம் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்சலேட்டுக்காகச் சிறுநீர் சேர்க்கும் கேனில் அமிலம் போட்டுத் தருவது உண்டு. அது இல்லாவிட்டால் ஆக்சலேட் படிகமாகி அடியில் தங்கி, எண் குறைந்து காட்டும். அதே அமிலத்தில் யூரிக் அமிலம் படிந்துவிடும் என்பதால், அதை எப்படிப் பார்க்கப் போகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். அமிலம் உள்ள கேனில் நேரடியாகச் சிறுநீர் கழிக்கக் கூடாது, தோல் வெந்துவிடும். கப்பில் பிடித்து ஊற்ற வேண்டும்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டு, அந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு ஒரு சொட்டும் விடாமல் சேர்த்து, மறுநாள் அதே நேரத்துக்குப் போகும் சிறுநீரோடு முடிக்க வேண்டும். வெளியே அலையாத ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது, ஏனென்றால் ஒரு தடவை விட்டுப்போனாலும் கணக்கு கெட்டுவிடும். முழுதாகச் சேர்ந்ததா என்பதைக் கிரியேட்டினின் (தசையிலிருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவு) சொல்லிவிடும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஆண்களுக்குச் சுமார் 20 முதல் 25 மில்லிகிராம், பெண்களுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் வரும். 70 கிலோ ஆணின் ரிப்போர்ட்டில் 800 மில்லிகிராம் என்று இருந்தால் பாதிச் சிறுநீர் எங்கோ போய்விட்டது என்று பொருள். அந்த ரிப்போர்ட்டில் 'ஆக்சலேட் நார்மல்' என்று போட்டிருந்தாலும் நம்ப முடியாது.

யூனிட்டில் பலர் தடுமாறுகிறார்கள். ஒரு நாட்டு ரிப்போர்ட் மில்லிகிராமில் இருக்கும், இன்னொன்று மில்லிமோலில் இருக்கும். ஆக்சலேட்டில் 1 மில்லிமோல் சுமார் 88 மில்லிகிராம். நாளொன்றுக்கு 40 முதல் 45 மில்லிகிராம்தான் வழக்கமான மேல்வரம்பு, அதாவது அரை மில்லிமோல் அளவு. அதைப்போல இரண்டு மடங்கு வந்தால் சாப்பாட்டுப் பட்டியலோடு நிறுத்தாதீர்கள். குடல் நோய், எடை குறைப்பு அறுவை சிகிச்சை, பரம்பரையாக வரும் ஹைப்பராக்சலூரியா (சிறுநீரில் ஆக்சலேட் மிக அதிகமாகப் போகும் நோய்) ஆகியவற்றை டாக்டர் பார்த்தாக வேண்டும். சிறு வயதிலேயே கல் வந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வெளியேறிய கல்லை எடுத்து வைத்திருந்தால் கையோடு கொண்டுபோங்கள். கழுவி, காயவைத்து, சிறு டப்பாவில் போட்டால் போதும், ஃபார்மலின் வேண்டாம். அகச்சிவப்புக் கதிர் முறையில் கல்லைப் பகுப்பாய்வு செய்யக் கேளுங்கள். அது யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால் சிகிச்சையே வேறு. ஆக்சலேட் பட்டியலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

டயட்டீஷியனிடம் இந்த ரிப்போர்ட்டோடு போகும்போது ஒரு கேள்வியிலேயே அவருடைய தெளிவு தெரிந்துவிடும்: 'பால், தயிர் சாப்பிடலாமா?' கால்சியம் கல் என்பதற்காகப் பாலை நிறுத்தச் சொல்பவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள். சாப்பாட்டிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு அனுப்புகிறது. கால்சியம் குறைந்தால் அந்த ஆக்சலேட் ரத்தத்துக்கும் சிறுநீருக்கும் போகும். நாளுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம், அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து வேண்டும். மாத்திரையாக எடுக்க வேண்டியவர்கள் வெறும் வயிற்றில் போட்டால் இந்த வேலை நடக்காது. உப்பைக் குறைப்பதும், 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதும் பட்டியலை விட முக்கியம்.

பட்டியல் வாங்கினால் அதில் மில்லிகிராமும் பரிமாறும் அளவும் இருக்க வேண்டும். 'கீரை கூடாது' என்ற ஒற்றை வரியில் பயனில்லை. வேகவைத்த பாலக் கீரை (ஸ்பினாச்) அரைக் கப்பில் சுமார் 755 மில்லிகிராம் ஆக்சலேட் இருக்கிறது, கேல் கீரையிலோ மிகக் குறைவு. ஒரு கைப்பிடி பாதாமில், அதாவது 28 கிராமில், 120 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. இரண்டு பட்டியல்கள் முரண்பட்டால் பயப்பட வேண்டாம். பயிரின் வகை, சோதித்த முறை, பச்சையா வெந்ததா என்பதைப் பொறுத்து எண் மாறும். நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரையும் ஆக்சலேட் கணிசமாகக் குறையும். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவு குறையாது.

கிளம்பும் முன் ரிப்போர்ட்டில் யூனிட், நார்மல் வரம்பு, சோதித்த முறை மூன்றும் அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாப்பாட்டை மாற்றிய ஆறு மாதத்துக்குள் வாழும் நாட்டில் மறுபடி எடுக்கும்போது, அங்குள்ள டாக்டர் ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.