முன்பதிவும் கட்டணமும் இல்லாத கூடார இரவுகள்: நியூயார்க் மாநிலக் காடுகள் ஒரு மதிப்புரை

நியூயார்க் மாநிலத்தில் கோடைக்கால வார இறுதியில் கூடாரம் அடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மாநிலப் பூங்காக்களின் முன்பதிவுத் தளத்தைத்தான் முதலில் திறக்கிறார்கள். 9 மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும் அந்த முன்பதிவில் நல்ல இடங்கள் எல்லாம் போய்விட்டதைக் கண்டு அலுத்துக்கொள்கிறார்கள். அதே மாநிலத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் பொறுப்பில் ஏறத்தாழ 8 லட்சம் ஏக்கர் மாநிலக் காடுகள் இருப்பதும், அங்கே காசு கட்டாமலும் யாரிடமும் சொல்லாமலும் இரவு தங்க முடியும் என்பதும் நம்மவர்களிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த வசதியை ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு, அது யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதல்ல என்று எடைபோடுவதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அடிரோண்டாக், கேட்ஸ்கில் மலைகளில் உள்ள அரசு வனம் வேறு; நான் இங்கே பேசும் மாநிலக் காடுகள் வேறு. முன்னதில் மரம் வெட்டுவதையே 1894ஆம் ஆண்டு உருவான மாநில அரசியலமைப்பு தடுத்துவிட்டது. பின்னவை பெரும்பாலும் ஒரு காலத்தில் விளைநிலங்களாக இருந்தவை. மண் சத்திழந்து, விவசாயம் கட்டுப்படியாகாமல், உழவர்கள் கைவிட்டுப்போன மேட்டு நிலங்களை 1929ஆம் ஆண்டின் காடு வளர்ப்புச் சட்டமும் 1931ஆம் ஆண்டில் மாநில அரசியலமைப்பில் சேர்ந்த ஹியூவிட் திருத்தமும் அரசு வாங்குவதற்கு வழி செய்தன. 1930களின் பெரும் பொருளாதார மந்த காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட மக்கள் பாதுகாப்புப் படையினர் அவற்றில் ஸ்புரூஸ், பைன், லார்ச் ஆகிய ஊசியிலை மரக் கன்றுகளை லட்சக்கணக்கில் நட்டார்கள். ஆகவே ஆதிகாலக் காட்டை எதிர்பார்த்து வருகிறவருக்கு இங்கே ஏமாற்றம் உண்டு. மரம் வெட்டி விற்பதும் இந்தக் காடுகளின் பயன்களில் ஒன்று என்பதால், சில இடங்களில் கனரக வண்டிகள் உழுதுவிட்டுப்போன சேற்றுத் தடங்களையும் வெட்டி அடுக்கிய கட்டைகளையும் பார்க்க நேரிடும்.

எனக்கோ, அந்தப் பழைய விவசாய வாழ்வின் எச்சங்களே இந்தக் காடுகளின் தனிச் சுவையாகத் தோன்றுகின்றன. நடுக்காட்டில் எதையும் பிரிக்காமல் நீண்டு கிடக்கும் கல் வரப்புகள், கூரையும் சுவரும் போய்க் குழியாக மட்டும் எஞ்சிய வீட்டின் நிலவறை, அதன் அருகே யாரும் பறிக்காத ஆப்பிள் மரம் ஆகியவற்றைச் சாதாரணமாகவே காணலாம். மூடாத பழைய கிணறுகளும் இருக்கக்கூடும் என்பதால், இருட்டிய பிறகு வீட்டு அடித்தளங்களின் பக்கம் நடமாடாமல் இருப்பது நல்லது. நட்ட ஸ்புரூஸ் தோப்புக்குள் நுழைந்தால் மரங்கள் இன்றும் பிசகாத வரிசையில் நிற்பது தெரியும்; வெளிச்சம் புகாததால் கீழே செடிகொடி இல்லை, ஊசியிலைகள் மெத்தையைப் போலக் குவிந்து கிடக்கும். கூடாரத்துக்கு இதைவிட நல்ல தரை கிடையாது என்று தோன்றும். ஆனால் அந்த மெத்தையின் ஆழம் சில விரற்கடைதான். அதற்குக் கீழே முளைக்குச்சி கல்லில் முட்டி வளைந்துகொள்ளும். மெல்லிய அலுமினியக் குச்சிகளை விட்டுவிட்டு, கயிற்றை மரத்திலோ கனமான கல்லிலோ கட்டும்படியான கூடாரத்தை எடுத்துச் செல்வது உசிதம்.

இடத் தேர்வுக்கான அடிப்படை விதி எளிமையானது. சாலை, நடைபாதை, நீர்நிலை ஆகிய மூன்றிலிருந்தும் குறைந்தது 150 அடி தள்ளித்தான் கூடாரம் அடிக்க வேண்டும். 'இங்கே முகாமிடலாம்' என்று பொறித்த மஞ்சள் வட்டத் தகடு அறையப்பட்ட இடங்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. சராசரி உயரமுள்ளவர் ஏறத்தாழ 60 எட்டு வைத்தால் அந்தத் தூரம் வந்துவிடும். காகிதத்தில் எளிதாகத் தெரியும் இந்த விதி, இத்தாக்கா ஊருக்குத் தென்கிழக்கே உள்ள ஷிண்டகின் ஹாலோ போன்ற செங்குத்தான பள்ளத்தாக்குகளில் சோதித்துவிடுகிறது: ஓடையை ஒட்டிச் சாலை, சாலையை ஒட்டிச் சரிவு என்றிருக்கும் இடத்தில், 150 அடி விலகினால் சமதரை கிடைப்பது அரிது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்வது இங்கே வெறும் அறிவுரையாக இல்லாமல் கட்டாயமாகிவிடுகிறது.

ஒரே இடத்தில் 3 இரவுகளுக்கு மேல் தங்குவதற்கும், 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்ட குழுவாகச் செல்வதற்கும் வனக்காவலரிடம் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நம் தமிழ்ச் சங்கக் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்தாலே அந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சீட்டு வாங்கிவிடலாம் என்றாலும், பிரியாணி அண்டா, ஒலிபெருக்கி, கைக்குழந்தைகள் சகிதம் செல்லும் கூட்டத்துக்கு நான் இந்தக் காடுகளைப் பரிந்துரைக்க மாட்டேன். குழாயும் குளியலறையும் மேசையும் உள்ள மாநிலப் பூங்காவுக்குக் கொடுக்கும் கட்டணம் அவர்களுக்கு நியாயமானதே.

ஏனெனில் இங்கே அவற்றில் ஒன்றுமே கிடையாது. ஓடைத் தண்ணீரை வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும், கோடை முற்றினால் சிறு ஓடைகள் வற்றியும் போகும். பெரும்பாலான இடங்களில் கழிப்பறை இல்லை. நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் 150 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். குப்பைத் தொட்டி இல்லாததால், கொண்டுபோன அத்தனையையும் திரும்பச் சுமந்து வர வேண்டும். பல காடுகளில் கைபேசிச் சமிக்ஞையும் கிடைப்பதில்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளாமல் கிளம்பக் கூடாது.

கூடாரமே இல்லாமல் தங்க விரும்புபவர்களுக்கு, சில காடுகளில் மூன்று பக்கம் மரச்சுவரும் ஒரு பக்கம் திறப்புமாகக் கட்டப்பட்ட கொட்டகைகள் உண்டு. டான்பி, சுகர் ஹில் ஆகிய காடுகளில் இவற்றைப் பார்க்கலாம். கொட்டகை எவருக்கும் தனிச் சொத்தல்ல, இடம் இருக்கும்வரை அடுத்து வருகிறவரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். மாநிலத்தின் குறுக்கே ஏறத்தாழ 580 மைல் நீளும் ஃபிங்கர் லேக்ஸ் நடைபாதை இத்தகைய பல காடுகளின் ஊடாகப் போவதால், மழை நாளில் களைத்துவந்த நெடுநடைப் பயணி இரவு வெகுநேரம் கழித்து வந்து எட்டிப்பார்ப்பதும் நடக்கும். முதன்மைப் பாதைக்கு வெள்ளைப் பட்டையும் கிளைப்பாதைகளுக்கு வேறு நிறங்களும் மரங்களில் பூசியிருப்பார்கள். ஒரு நாள் மட்டும் நடந்து பார்க்க வருகிறவர்களுக்கும் இந்தப் பாதையே போதும்.

நெருப்பு மூட்டலாம் என்பது இந்தச் சேவையின் பெரிய கவர்ச்சி. விழுந்து காய்ந்த விறகை மட்டுமே எடுக்க வேண்டும், நிற்கும் மரத்தை வெட்டக் கூடாது. வெப்பப் பதனம் செய்யாத விறகை 50 மைலுக்கு மேல் எடுத்துச் செல்லவும் தடை இருக்கிறது. அதற்கான காரணத்தைக் காட்டுக்குள்ளேயே பார்க்கலாம்: ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும், விறகோடு பயணம் செய்யக்கூடிய மரகத ஆஷ் வண்டு இந்த மாநிலத்தில் 2009ஆம் ஆண்டு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் பின் பட்டை உரிந்து வெளிறிப்போய் நிற்கும் ஆஷ் மரங்கள் எங்கும் பெருகிவிட்டன. அவை காற்று இல்லாத நாளிலும் முறிந்து விழக்கூடியவை. கூடாரம் அடிக்குமுன் தரையைப் பார்ப்பதைவிட அண்ணாந்து பார்ப்பது முக்கியம்.

கரடியைப் பற்றிய அச்சம் தேவைக்கு மேல் இருக்கிறது என்றே நினைக்கிறேன். உணவைக் கூடாரத்துக்குள் வைக்காமல் தள்ளி, உயரக் கட்டித் தொங்கவிட்டால் பெரும்பாலும் போதும். உண்மையில் அஞ்ச வேண்டியது எள்ளளவே இருக்கும் மான் உண்ணிக்குத்தான். லைம் நோயைப் பரப்பும் இது புல்நுனியிலிருந்து தொற்றி ஏறும். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வது, ஆடைகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளிப்பது, இரவு படுக்குமுன் முழங்கால் மடிப்பு, அக்குள், மயிர்க்கால் ஓரங்களைத் தடவிப் பார்ப்பது ஆகிய மூன்றையும் குழந்தைகளோடு செல்வோர் தவறவிடக் கூடாது.

காலத்தைப் பொறுத்தவரை, கொசுவும் கூட்டமும் குறைந்த செப்டம்பரும் இலை நிறம் மாறும் அக்டோபர் முற்பகுதியுமே என் தேர்வு. இந்தக் காடுகளில் வேட்டைக்கு அனுமதி உண்டு. மாநிலத்தின் தெற்கு மண்டலத்தில் நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது என்பதால், அதற்குப் பிறகு செல்பவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை இல்லாமல் பாதையில் இறங்கக் கூடாது. குளிர்காலத்தில் பல காட்டுச் சாலைகளில் பனி அகற்றப்படாது. வண்டியைப் பிரதான சாலையோரம் நிறுத்திவிட்டு, மூட்டையைச் சுமந்து உள்ளே நடக்கும் தூரத்தையும் பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.